கேமராவில் மெமரி கார்டு தகராறு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

மெமரி கார்டு தகராறு செய்தால் அதைச் சரிசெய்வது இரண்டாம் வேலை. வேறு பிரதி இல்லாத படங்கள் அதில் உள்ளனவா என்பதே முதல் கேள்வி. இருந்தால், அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், கேமராவோ கணினியோ எதைக் கேட்டாலும் 'சரி' என்று அழுத்தாதீர்கள். கேமராவை அணைத்து, பதிவு விளக்கு நின்றபின் கார்டை எடுத்து, எஸ்டி கார்டு என்றால் அதன் பக்கவாட்டில் உள்ள பூட்டுப் பொத்தானைக் கீழே தள்ளித் தனியாக வையுங்கள். கோளாறான கார்டிலிருந்து படங்களை மீட்க வழிகள் உண்டு. மேலெழுதப்பட்ட படத்தை எவராலும் மீட்க முடியாது.

எந்த அறிகுறிக்கும் பொதுவான ஒரு சோதனை இடம் மாற்றிப் பார்ப்பது. நன்றாக இயங்கும் வேறொரு கார்டை அதே கேமராவில் போடுங்கள். தகராறு தொடர்ந்தால் கோளாறு கேமராவில், நின்றால் கார்டில். படங்கள் உள்ள கார்டை மட்டும் இன்னொரு கேமராவில் போட்டுப் பார்க்க வேண்டாம். சில கேமராக்கள் கார்டு உள்ளே போனதுமே தங்களுக்கான கோப்புறைகளை எழுதிவிடும். அதைக் கார்டு ரீடரில், பூட்டிய நிலையில் சோதியுங்கள்.

## 'கார்டு இல்லை' என்கிறது, போட்ட கார்டைக் கண்டுகொள்ளவில்லை

### நேற்றுவரை வேலை செய்த கார்டு

1. கேமராவை அணைத்து, பேட்டரியை எடுத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். கார்டைக் 'கிளிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். கார்டு மூடி முழுதாகச் சாத்தாவிட்டாலும் பல கேமராக்கள் கார்டை ஏற்பதில்லை.

2. பொன்னிறத் தொடுமுனைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தைப்பூச ஊர்வலத்தில் நடந்துகொண்டே கார்டு மாற்றும்போது விபூதித் தூள், பால், வியர்வை எல்லாம் விரல் வழியாக அங்கே போய் ஒட்டும். 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நூல் பிரியாத துணியை லேசாக நனைத்து, ஒரே திசையில் துடையுங்கள். ஐந்து நிமிடம் உலரவிட்டுப் போடுங்கள். பென்சில் அழிப்பானால் தேய்ப்பது வேண்டாம். அது முலாமையும் தேய்க்கும், துகளையும் விட்டுச் செல்லும்.

3. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்த உடனே தகராறு தொடங்கினால் ஈரம்தான் காரணமாக இருக்கும். லென்ஸ் மங்கலாகும் அதே நேரத்தில் கார்டிலும் ஸ்லாட்டிலும் நீர் படியும். கேமராவைப் பையிலேயே மூடி 20 முதல் 30 நிமிடம் வெளி வெப்பத்துக்குப் பழகவிட்டு, பிறகு திறவுங்கள். நம் சிங்கப்பூர்க் காற்றில் கார்டுகளையும் கேமராவோடு டிரை கேபினட்டில், 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைப்பது நல்லது.

4. மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டரில் போட்டுப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், முதலில் அடாப்டரை மாற்றுங்கள். அது தேயும், தளரும். முக்கியமான நிகழ்ச்சிக்கு அடாப்டரே வேண்டாம். முழு அளவு எஸ்டி கார்டு வாங்குங்கள்.

### புதிதாக வாங்கிய கார்டு

பெரும்பாலும் இது பொருத்தப் பிரச்சினை, கோளாறு அல்ல. எஸ்டி என்று மட்டும் போட்டவை 2 ஜிபி வரை. எஸ்டிஎச்சி 32 ஜிபி வரை, கோப்புகளை அடுக்கும் முறை ஃபேட்32. எஸ்டிஎக்ஸ்சி 2 டிபி வரை, அடுக்கும் முறை எக்ஸ்ஃபேட். மூன்றும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். புதிய கேமரா பழைய கார்டை ஏற்கும். பழைய கேமரா புதிய கார்டை ஏற்காது.

இளையர்கள் தேடி வாங்கும், சிசிடி வகைச் சென்சார் கொண்ட பழைய கேமராக்களில் இது ஓயாத தொல்லை. எஸ்டிஎச்சி தரமே 2006இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கேமராவில் 32 ஜிபி கார்டு எப்படிப் போட்டாலும் வேலை செய்யாது; 2 ஜிபி அல்லது அதற்கும் குறைவான கார்டு வேண்டும். பெனின்சுலா பிளாசா, பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் பழைய கேமரா விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். எஸ்டிஎச்சி வரை மட்டுமே ஏற்கும் கேமராவில் 64 ஜிபி கார்டை ஃபேட்32ஆக மாற்றிப் போட்டால் சில நேரம் ஓடும். விளையாட்டுக்குச் செய்யலாம், ஒரு திருமணத்தை அதில் எடுக்காதீர்கள்.

உயர்வேகக் கார்டு வகையான சிஎஃப்எக்ஸ்பிரஸில் ஏ, பி என இரு அளவுகள் கேமராக்களில் உண்டு. ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் நுழையாது. பி வகை, அதற்கு முந்தைய எக்ஸ்க்யூடி கார்டின் அதே உருவம் கொண்டது. ஆகவே எக்ஸ்க்யூடி ஸ்லாட்டில் அது நுழையும். ஆனால் கேமராவின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரில் ஆதரவு இல்லாவிட்டால் இயங்காது. நிக்கான் இசட்6, இசட்7, டி850, டி500 முதலியவற்றுக்கு அந்த ஆதரவு பின்னாளில் ஃபர்ம்வேர் மேம்பாடாக வந்தது. பழையதாக வாங்கிய உடலில் அதை யாரும் ஏற்றாமலே விட்டிருக்கலாம். மெனுவில் பதிப்பெண்ணைப் பாருங்கள்.

### எந்தக் கார்டைப் போட்டாலும் இதே கதை

டார்ச் வெளிச்சத்தில் ஸ்லாட்டுக்குள் பாருங்கள். பழைய வகையான காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டின் ஸ்லாட்டில் 50 ஊசிகள் இருக்கும். கார்டைக் கோணலாகத் திணித்தால் ஒன்றிரண்டு வளைந்துவிடும். வளைந்ததை ஊசியால் நிமிர்த்த முயன்று உடைத்துவிட்டால் ஸ்லாட்டையே மாற்ற வேண்டிவரும். இங்கே நிறுத்திக்கொண்டு கேமராவைத் தயாரிப்பாளரின் சேவை நிலையத்துக்கு அனுப்புங்கள்.

## 'கார்டு பூட்டப்பட்டுள்ளது' என்கிறது

லேபிள் உங்களைப் பார்க்க, வெட்டிய மூலை மேலே வலப்புறம் இருக்கப் பிடித்தால், பூட்டு இடப்பக்கம் இருக்கும். மேலே தள்ளினால் திறப்பு, கீழே தள்ளினால் பூட்டு. இந்தப் பொத்தான் கார்டுக்குள் எதையும் துண்டிப்பதில்லை. அது நிற்கும் இடத்தை ஸ்லாட்டில் உள்ள சிறு சுவிட்ச் தொட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஆகவே பொத்தான் தளர்ந்துபோன கார்டு, உள்ளே தள்ளும்போதே தானாகப் பூட்டிக்கொள்ளும். திறந்த நிலையில் வைத்து மெல்லிய ஒட்டுநாடா ஒட்டினால் படங்களை எடுத்துக்கொள்ளும் வரை சமாளிக்கலாம். அதோடு அந்தக் கார்டுக்கு ஓய்வு கொடுங்கள். நாடா ஸ்லாட்டுக்குள் உரிந்துகொண்டால் செலவு கேமராவுக்கு.

பொத்தான் சரியாக இருந்தும், எல்லாச் சாதனங்களிலும் 'எழுத முடியாது' என்றே வந்தால், கார்டுக்குள் எழுதுவதையும் படிப்பதையும் நடத்தும் சில்லான கன்ட்ரோலர், கார்டின் ஆயுள் முடிந்ததாக உணர்ந்து தன்னைப் படிப்பதற்கு மட்டும் என்று மாற்றியிருக்கலாம். இது நல்ல செய்தி. உள்ளே உள்ளதை நகலெடுங்கள். ஃபார்மட் செய்து உயிர்ப்பிக்க நேரம் செலவிடாதீர்கள்.

## படங்கள் உள்ள கார்டை 'ஃபார்மட் செய்யவும்' என்கிறது

கேனானில் 'எர் 02', நிக்கானில் 'சிஎச்ஏ' அல்லது 'ஃபார்' என்று மின்னும் எழுத்து, சோனியில் 'இந்தக் கார்டைப் பயன்படுத்த முடியாது, ஃபார்மட் செய்யவா?' என்ற கேள்வி. கணினியில் போட்டால் விண்டோஸும் அதையே கேட்கும். எல்லா இடத்திலும் பதில் 'ரத்து'.

பதிவு விளக்கு எரியும்போதே கார்டை உருவியது, படம் எழுதப்படும் நொடியில் பேட்டரி தீர்ந்தது, கணினியிலிருந்து முறைப்படி விடுவிக்காமல் பிடுங்கியது: வழக்கமான காரணங்கள் இவைதான். இவற்றில் கெடுவது பெரும்பாலும் கோப்புப் பட்டியல் மட்டும். நூலின் பொருளடக்கம் கிழிந்துபோனாலும் பக்கங்கள் அப்படியே இருப்பதைப் போல, படங்கள் உள்ளே இருக்கும்.

### கணினி கார்டின் கொள்ளளவைச் சரியாகக் காட்டுகிறது

விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட், மேக்கில் டிஸ்க் யுட்டிலிட்டி திறந்து பாருங்கள். 64 ஜிபி கார்டு சுமார் 59 ஜிபி என்று தெரிந்தால் விண்டோஸ் கணக்கில் அது சரியான அளவு. இனி வரிசை இது:

1. முதலில் கார்டு முழுவதையும் ஒரே கோப்பாக, டிஸ்க் இமேஜாக, கணினியில் நகலெடுங்கள். மேக், லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' என்ற மென்பொருள் இதற்கு ஏற்றது. படிக்க முடியாத இடத்தில் நின்றுவிடாமல் தாண்டிப்போய், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் 'டெஸ்ட்டிஸ்க்' என்ற மென்பொருளிலேயே இமேஜ் எடுக்கும் வசதி உண்டு. 64 ஜிபி கார்டுக்கு 64 ஜிபிக்கும் கூடுதலான காலியிடம் வேண்டும்.

2. மீட்பு மென்பொருளை அந்த இமேஜின் மீது ஓட்டுங்கள். கார்டின் மீது அல்ல. 'போட்டோரெக்' இலவசம், கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா வடிவங்களில் பெரும்பாலானவற்றை அறியும். கோப்பமைப்பு கேட்கும்போது ஃபேட், எக்ஸ்ஃபேட் கார்டுகளுக்கு 'அதர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மீட்டவை பழைய பெயரில் வராது. வரிசை எண்களாக வரும். தேதி, படக் கோப்போடு பதிவாகும் எக்ஸிஃப் தகவலில் இருப்பதால் பின்னர் அடுக்கிக்கொள்ளலாம். சோனி கார்டு என்றால் அந்நிறுவனத்தின் 'மெமரி கார்டு ஃபைல் ரெஸ்க்யூ' இலவசமாகக் கிடைக்கிறது.

3. மீட்ட படங்களை வேறு டிஸ்க்கில் சேமித்து, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பிறகே கார்டைத் தொடுங்கள்.

விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான 'செக்டிஸ்க்' ஓட்டச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். இமேஜ் எடுக்காமல் அதைச் செய்யாதீர்கள். அது கார்டிலேயே எழுதும். சிதறிய துண்டுகளை பெயரற்ற கோப்புகளாக மாற்றிவிட்டால் அடுத்து வருபவரின் வேலை கடினமாகும்.

### தவறுதலாக ஃபார்மட் செய்துவிட்டீர்கள்

எஸ்டி கார்டில் கேமராவின் சாதாரண ஃபார்மட், கோப்புப் பட்டியலை மட்டுமே அழிக்கிறது. மேலே சொன்ன அதே மூன்று படிகள் போதும். கேனானில் முழுதாகத் துடைக்கும் 'லோ லெவல் ஃபார்மட்' கட்டத்தில் குறியிட்டிருந்தால் நம்பிக்கை குறைவு. சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டில் ஃபார்மட்டுக்குப் பிறகு கன்ட்ரோலரே உள்ளடக்கத்தைத் துடைத்துவிட வாய்ப்புண்டு. எனவே மின்னிணைப்பில் வைக்காமல் உடனே வெளியே எடுத்து, நேரே தரவு மீட்புக் கூடத்தைக் கேளுங்கள்.

### வீடியோ மட்டும் திறக்கவில்லை

பதிவு முறையாக முடியாத எம்பி4 கோப்பில், காட்சிகளின் இடத்தைச் சொல்லும் பகுதி எழுதப்படாமலே போயிருக்கும். காட்சி உள்ளே இருந்தும் பிளேயர் அதைத் திறக்காது. இமேஜ் எடுத்துப் பத்திரப்படுத்தியபின், கார்டை அதே கேமராவில் போட்டு இயக்குங்கள். சில கேமராக்கள் தாமே சரிசெய்யும். இல்லையென்றால் 'அன்ட்ரங்க்' போன்ற மென்பொருளுக்குப் பழுதான கோப்போடு, அதே கேமராவில் அதே தெளிவு, அதே ஃபிரேம் வேகத்தில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றையும் கொடுக்க வேண்டும். அமைப்பு மாறினால் வேலை செய்யாது.

சோனியில் 'இமேஜ் டேட்டாபேஸ் கோப்பில் பிழை, மீட்கவா?' என்று வருவது வேறு விஷயம். கணினியில் சில கோப்புறைகளை அழித்திருப்பீர்கள், அல்லது பெயர் மாற்றியிருப்பீர்கள். எல்லாவற்றையும் நகலெடுத்தபின் 'ஆம்' சொல்லலாம்.

## படங்களில் சாம்பல் பட்டை, வண்ணக் கோடுகள். சில படங்கள் திறக்கவில்லை

கார்டைக் குற்றம் சொல்லும் முன் நகலெடுத்த பாதையைச் சந்தேகியுங்கள். தளர்ந்த ரீடர், மின்சாரம் போதாத யுஎஸ்பி ஹப், நீண்ட கேபிள் எல்லாம் நகலைக் கெடுக்கும். ஹப் இல்லாமல் கணினியில் நேராகச் செருகி, வேறு ரீடரில் மீண்டும் நகலெடுங்கள். இப்போது படம் சரியென்றால் ரீடரை மாற்றினால் தீர்ந்தது.

கேமராத் திரையில் படம் நன்றாகத் தெரிகிறது என்பதை நம்ப வேண்டாம். ரா கோப்பினுள் பொதிந்திருக்கும் சிறு ஜேபெக்கைத்தான் திரை காட்டுகிறது. ரா பகுதி கெட்டிருந்தாலும் அது பளிச்சென்று வரும்.

### முதல் சில ஜிபி நன்றாக இருந்து, அதன்பின் எல்லாம் கெட்டிருக்கின்றன

போலிக் கார்டின் அடையாளம் இது. உள்ளே 8 ஜிபி சில்லை வைத்துவிட்டு 128 ஜிபி என்று கேமராவிடம் பொய் சொல்லும்படி கன்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். 8 ஜிபி தாண்டியதும் எழுதியவை காற்றில் போகும், அல்லது முந்தைய படங்கள்மேல் விழும். கேமரா எந்தப் பிழையும் காட்டாது. கொடுமையே அதுதான்.

படங்களை எடுத்துவிட்டுக் கார்டைக் காலியாக்கி, விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', மேக் அல்லது லினக்ஸில் 'எஃப்3' ஓட்டுங்கள். கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். நொடிக்கு 80 எம்பி எழுதும் 128 ஜிபி கார்டுக்கு எழுதவே 27 நிமிடம் ஆகும், படிக்கும் நேரம் தனி. புதிய கார்டு எதையும் முதல் வேலைக்குக் கொண்டுபோகும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். தீபாவளி ஒளியூட்டை எடுக்கச் சிராங்கூன் சாலையில் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

சோதனை தோற்றால் திரைப்பிடிப்பை எடுத்து, ரசீதோடு கடைக்குப் போங்கள். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, குறையுள்ள பொருட்களுக்கான 'லெமன்' சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிறுவுவது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள், முடியாவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம் கேட்கலாம். மறுத்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸ், அதற்கடுத்து 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைக் கேட்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். தனியாள் ஒருவரிடம் இணையச் சந்தையில் வாங்கிய பழைய கார்டுக்கு இந்தச் சட்டம் துணை வராது. மெமரி கார்டைப் பழையதாக வாங்கவே வேண்டாம். மிச்சமாகும் சில வெள்ளிக்கு அது தகுதியில்லை.

### அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெட்டிருக்கின்றன

எஸ்டி அசோசியேஷன் தரும் 'எஸ்டி மெமரி கார்டு ஃபார்மேட்டர்' மென்பொருளில் 'ஓவர்ரைட்' முறையில் ஒருமுறை, பிறகு கேமராவில் ஒருமுறை ஃபார்மட் செய்து, மேற்கண்ட சோதனையை ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் கார்டு போய்விட்டது. பிழையே இல்லை, ஆனாலும் படம் கெட்டது என்றால் அந்தக் கார்டுக்கு இரட்டை ஸ்லாட் கேமராவின் இரண்டாம் இடத்தைக் கொடுங்கள், தனியாக நம்பாதீர்கள்.

## வீடியோ தானாக நிற்கிறது

எப்போது நிற்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். 29 நிமிடம் 59 நொடியில் நின்றால் கோளாறில்லை. பல கேமராக்களில் அது வைக்கப்பட்ட வரம்பு. 4 ஜிபியில் கோப்பு துண்டாவது ஃபேட்32இன் இயல்பு.

சில நொடிகளில் 'கார்டு வேகம் போதாது' என்று நின்றால் கணக்குப் போடுங்கள். கேமரா சொல்வது மெகாபிட்; எட்டால் வகுத்தால் மெகாபைட். 200 மெகாபிட் என்றால் நொடிக்கு 25 எம்பி, வி30 என்று அச்சிட்ட கார்டு போதும். 400 என்றால் 50 எம்பி, வி60 வேண்டும். 600 என்றால் 75 எம்பி, வி90. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 170, 200 எல்லாம் படிக்கும் வேகம். வி எண்தான் தொடர்ந்து எழுதும் குறைந்தபட்ச உத்தரவாதம். யுஎச்எஸ் என்பது கார்டின் இணைப்பு வேக வகை. யுஎச்எஸ்-2 கார்டைப் பின்னால் திருப்பினால் இரண்டு வரிசைத் தொடுமுனைகள் தெரியும். அதை யுஎச்எஸ்-1 ஸ்லாட்டில் போட்டால் இயங்கும், ஆனால் அந்த ஸ்லாட்டின் உச்சமான 104 எம்பிக்குள்தான்.

பத்து, பதினைந்து நிமிடம் ஓடியபின் வெப்பக் குறியோடு நின்றால் கார்டு மாற்றிப் பயனில்லை. தீமிதி, தைப்பூசம் போல வெப்பத்திலும் நெருக்கடியிலும் நீளமாகப் பதிவு செய்யும்போது திரையை உடலிலிருந்து விலக்கித் திறந்து வையுங்கள், காட்சிகளுக்கு இடையே கேமராவை அணையுங்கள், தெளிவை ஒரு படி குறையுங்கள்.

தொடர் படப்பிடிப்பு மட்டும் இழுக்கிறது என்றால், இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் எழுதும் அமைப்பைப் பாருங்கள். மெதுவான ஸ்லாட்டுக்காக வேகமானது காத்திருக்கும். கேனான் 5டி மார்க் 3இன் எஸ்டி ஸ்லாட் யுஎச்எஸ் வேகத்தையே ஆதரிக்காது. அதில் எந்த உயர்ந்த எஸ்டி கார்டைப் போட்டாலும் மாற்றம் இருக்காது.

## இடம் இருந்தும் 'கார்டு நிரம்பிவிட்டது'

மேக்கில் படங்களை அழித்து, குப்பைத் தொட்டியைக் காலி செய்யாமல் கார்டை எடுத்தால், அவை கண்ணுக்குத் தெரியாத கோப்புறையில் கார்டிலேயே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். நகலெடுத்துவிட்டுக் கேமராவில் ஃபார்மட் செய்தால் போதும். படங்களை அழிக்கும் வேலையைக் கணினியில் செய்யாமலிருப்பது நல்ல பழக்கம்.

இன்னொரு காரணம் எண் முடிவது. கோப்புறை எண் 999ஐ எட்டி, கோப்பு எண் 9999ஐத் தொட்டால் கேமரா படமெடுக்க மறுக்கும். மெனுவில் கோப்பு எண்ணை 'ரீசெட்' செய்து, வெறுமையான கார்டைப் போடுங்கள்.

## எந்த ரீடரிலும் தெரியவில்லை, அல்லது கொள்ளளவு தவறாக வருகிறது

64 ஜிபி கார்டு 0 பைட் என்றோ சில எம்பி என்றோ தெரிந்தால் கன்ட்ரோலர் செத்திருக்கிறது. போட்ட சில நொடிகளில் கார்டு சுடுவது, உடலில் விரிசல், தொடுமுனைகளுக்கு இடையிலான பிளாஸ்டிக் விலா உடைந்து தொங்குவது, கார்டு ஸ்லாட்டில் சிக்கிக்கொள்வது ஆகியவையும் இந்த வகைதான். மென்பொருளுக்கு இங்கே வேலையில்லை. மீண்டும் மீண்டும் செருகிப் பார்ப்பது நிலையை மோசமாக்கும். சிக்கிய கார்டை இடுக்கியால் இழுக்காதீர்கள். அது கேமராச் சேவை நிலையத்தின் வேலை.

படங்கள் முக்கியமில்லை என்றால் உத்தரவாதத்தில் கார்டை மாற்றிக்கொள்ளுங்கள். உத்தரவாதம் கார்டுக்கு மட்டும். திருப்பி அனுப்பிய கார்டோடு படங்களும் போய்விடும்.

படங்கள் வேண்டும் என்றால் தரவு மீட்புக் கூடம். பல எஸ்டி, மைக்ரோ எஸ்டி கார்டுகளில் கன்ட்ரோலரும் சில்லும் ஒரே கட்டியாக வார்க்கப்பட்டிருக்கும். மேற்பூச்சைச் சுரண்டி நுண்ணிய முனைகளில் கம்பி பற்றவைத்துப் படிக்க வேண்டும். ஆகவே தொலைபேசியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இத்தகைய ஒற்றைக்கட்டி கார்டுகளை அங்கேயே செய்கிறார்களா, வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களா என்பது. தூசியற்ற அறை இருக்கிறது என்று மட்டும் பெருமை பேசினால், அது ஹார்டு டிஸ்க்குக்குத் தேவைப்படுவது, உங்கள் கார்டுக்கு அல்ல. பரிசோதனைக்குக் கட்டணம் உண்டா, மீட்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டுமா, பணம் கட்டும் முன் மீட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டுவார்களா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கார்டோடு மூன்று தகவலும் போகட்டும்: கேமராவின் மாடல், படங்களின் வடிவம் ராவா ஜேபெக்கா, கோளாறுக்குப் பிறகு அந்தக் கார்டில் நீங்கள் செய்த ஒவ்வொரு முயற்சியும். கடைசித் தகவலை மறைக்காமல் சொல்லுங்கள். எங்கே தேடத் தொடங்குவது என்பதை அவர்கள் அதை வைத்தே முடிவு செய்வார்கள்.